கதைச்சுருக்கத்தில் காணாமல் போனவர்கள்

பட விமர்சனம் எழுதுகிறவர்கள் முதலில் கதையைச் சுருக்கிச் சொல்கிறார்கள். ‘கதை இதுதான்’ என்று வருகிற அந்த நாலு வரியை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நான் அதை வரலாறாகவே வாசிக்கிறேன். எதை விட்டாலும் கதை குறையாது என்று ஆதிக்க மனம் முடிவு செய்கிற இடம் அது.

2021 நவம்பர் 2இல், த.செ. ஞானவேல் இயக்கிய ‘ஜெய் பீம்’ தியேட்டருக்கு வராமல் நேராக அமேசான் பிரைமில் வெளியானது. அதற்கு வந்த விமர்சனங்களில் கைக்குக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். பெரும்பாலும் கதை இப்படித்தான்: நேர்மையான வக்கீல் ஒருவர் ஏழைப் பழங்குடிப் பெண்ணுக்கு நீதி வாங்கித் தருகிறார். எழுவாய் வக்கீல். அவள் வாங்கிக்கொள்கிறவள், அவ்வளவுதான்.

நடந்தது என்ன? 1993 மார்ச். இன்றைய கடலூர் மாவட்டத்தில், விருத்தாசலம் பக்கம் முதனை கிராமம். திருட்டுக் கேஸ் என்று கம்மாபுரம் போலீஸ் பிடித்துப்போன ராசாக்கண்ணு வீடு திரும்பவில்லை. ‘தப்பி ஓடிட்டான்’ என்றது ஸ்டேஷன். அவர் மனைவி பார்வதி அதை நம்பவில்லை. உள்ளூர் மார்க்சிஸ்ட் தோழர்கள் கூட நின்றார்கள். வக்கீல் சந்துரு மூலம் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுப் போட்டார். போலீஸ்காரர்கள் குற்றவாளிகள் என்று உயர் நீதிமன்றம் சொன்னபோது வருஷம் 2006. படம் இரண்டே முக்கால் மணி நேரம். பார்வதிக்குப் பதின்மூன்று வருஷம்.

ராசாக்கண்ணு குறவர். படம் அவரை இருளராக்கியது. இருளர் மேலும் பொய்வழக்கு விழத்தான் செய்கிறது. அந்தச் சனங்களோடு நமக்கென்ன சண்டை? ஆனால் ‘உண்மைக் கதை’ என்று எழுதுகிறவர்கள் இந்த மாற்றத்தையும் சொல்ல வேண்டாமா? சாதிப் பெயர் இங்கே வெறும் தகவல் அல்ல. 1871இல் வெள்ளைக்காரன் போட்ட குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. குறவராகப் பிறந்ததே குற்றம் என்றானது. சட்டம் போய்விட்டது, ஸ்டேஷனின் ஞாபகம் போகவில்லை. அந்த ஞாபகம்தான் ராசாக்கண்ணுவைத் தேடி வந்தது. பெயரை எடுத்துவிட்டால் அரச வன்முறை நாலு கெட்ட போலீஸ்காரர்களின் கதையாகச் சுருங்கிப்போகும்.

படம் இதை அறிந்தே தொடங்குகிறது. ஜெயில் வாசலில் விடுதலையாகி வருகிறவர்களிடம் சாதி கேட்டுப் பிரிக்கிறார்கள். ஒடுக்கப்பட்ட சாதிக்காரர்களை மறுபடி போலீசிடம் தள்ளுகிறார்கள். ஆனால் அந்த நவம்பரில் நடந்த விவாதமோ பெரிதும் இந்தி பேசியவர் வாங்கிய அறையையும், ஒரு வீட்டுச் சுவரில் தொங்கிய காலண்டரையும் பற்றி. கொட்டடியில் விழுந்த அடி அதற்குள் பழசாகிவிட்டது.

நம் பத்திரிகைகளில் எழுதும் தோழர்கள் அந்த நாலு வரியைப் பிறரிடம் விட்டுவிடக் கூடாது. எந்த ஊர், எந்தச் சாதி, எந்த வருஷம், எந்த ஸ்டேஷன் என்று எழுதிவிட்டு, நடிப்பு, ஒளிப்பதிவு பற்றியெல்லாம் தாராளமாக எழுதலாம். ‘ஜெய் பீம்’ படத்துக்கு நான் எழுதும் கதைச்சுருக்கம் இது: புருஷனைக் கொன்ற போலீஸ்காரர்களைப் பதின்மூன்று வருஷம் விடாமல் துரத்தித் தண்டனை வாங்கிக் கொடுத்தார் பார்வதி, அதற்கு ஒரு வக்கீலும் துணை நின்றார்.