இரும்புக்கை மாயாவி (முத்து காமிக்ஸ் முதல் இதழ்)

இரும்புக்கை மாயாவி என்பது சிவகாசியிலிருந்து வெளிவரும் முத்து காமிக்ஸ் வரிசையின் முதல் இதழ் ஆகும். இது 1972 ஆம் ஆண்டு சனவரியில் வெளியானது. உடலில் மின்சாரம் பாய்ந்தவுடன் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துவிடும் ஒருவனின் சாகசங்களை இவ்வரைகதை கூறுகிறது. அவன் மறைந்த பின்னும் உலோகத்தாலான அவனது வலக்கை மட்டும் வெளியே தெரியும். இங்கிலாந்தின் வேலியண்ட் வார இதழில் "த ஸ்டீல் கிளா" என்ற பெயரில் வந்த தொடரே இதன் மூலம்.

மூலத் தொடர்

வேலியண்ட் இதழின் முதல் வெளியீடு 1962 அக்டோபர் 6 அன்று வந்தது. இத்தொடரும் அவ்விதழிலேயே தொடங்கியது. தொடக்கக் கதைகளை அறிவியல் புனைகதை எழுத்தாளர் கென் புல்மர் எழுதினார். அவருக்குப் பின் டாம் டல்லி எழுதினார். ஓவியங்களை வரைந்தவர் பார்சிலோனாவில் பிறந்த எசுப்பானிய ஓவியர் இயேசூஸ் பிளாஸ்கோ (1919–1995). அக்காலத்து ஆங்கிலேயச் சிறுவர் இதழ்களில் படைப்பாளிகளின் பெயரை அச்சிடும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. கதைநாயகனை நன்கறிந்த தலைமுறை, அவனை உருவாக்கியவர்களை அறியாமல் போனதற்கு இதுவே காரணம்.

தமிழ் வெளியீடு

முத்து காமிக்ஸைத் தொடங்கியவர் சிவகாசியைச் சேர்ந்த பதிப்பாளர் மு. சௌந்தரபாண்டியன். முதல் ஆசிரியர் முல்லை தங்கராசன். அப்போது இந்திரஜால் காமிக்ஸ் (தொடக்கம் 1964) வேதாளன் கதைகளைத் தமிழிலும் வெளியிட்டு வந்தது. ஆனால் அது மும்பையிலிருந்து பல மொழிகளுக்காக நடத்தப்பட்ட வெளியீடு. முத்து காமிக்ஸோ தமிழ் வாசகருக்காகத் தமிழ்நாட்டிலேயே கதை தேர்ந்து, மொழிபெயர்த்து, அச்சிடப்பட்டது. புதிய இதழொன்று முன்பின் அறிமுகமில்லாத நாயகனை முதல் வெளியீட்டிலேயே முன்னிறுத்தியது துணிச்சலான செயல் எனலாம்.

மூலம் வாரத்துக்கு இரண்டு மூன்று பக்கங்களாக வந்தது. எனவே ஒவ்வொரு சில பக்கங்களுக்கும் ஒரு திடுக்கிடும் நிறுத்தம் அமைந்திருந்தது. அவற்றை ஒன்றாகத் தொகுத்துத் தனி இதழாக்கியபோது, மூச்சுவிட இடமில்லாத வேகம் கதைக்குக் கிடைத்தது. இங்கிலாந்துச் சிறுவன் ஒரு வாரம் காத்திருந்து அறிந்ததைத் தமிழ்ச் சிறுவன் பக்கத்தைப் புரட்டியவுடன் அறிந்தான்.

கதை

லூயிஸ் கிராண்டேல், பேராசிரியர் பாரிங்கரின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளன். முன்பு நேர்ந்த விபத்தொன்றில் வலக்கையை இழந்து, எஃகினாலான செயற்கைக் கையைப் பொருத்திக்கொண்டவன். மனக்கசப்புடன் வாழ்பவன். ஆய்வுக்கூடத்தில் மீண்டும் ஒரு விபத்து நேர்ந்து, உயர் அழுத்த மின்சாரம் அவன் உடலில் பாய்கிறது. அவன் சாகவில்லை, மறைந்துபோகிறான். அந்தரத்தில் மிதக்கும் எஃகுக் கை மட்டுமே எஞ்சுகிறது.

இதன் பின் வருவதுதான் இவ்விதழின் தனித்தன்மை. சிறுவர் கதைகளில் ஆற்றல் பெற்றவன் உடனே நல்லவர்களைக் காக்கப் புறப்படுவது வழக்கம். கிராண்டேலோ திருடப் புறப்படுகிறான். தன் ஆற்றலின் அளவை உணர உணர அவனுடைய பேராசையும் வளர்கிறது. தன்னைத் தாழ்வாக நடத்தியதாக அவன் எண்ணும் உலகத்தையே மிரட்டத் துணிகிறான். பிற்காலக் கதைகளை முதலில் படித்துவிட்டு இவ்விதழுக்கு வருவோர், தம் அபிமான நாயகன் இதில் வில்லனாக இருப்பதைக் கண்டு வியப்பது உண்டு. அவனது குற்றங்களுக்கு விபத்தின் பாதிப்பே காரணம் என்று தொடர் பின்னர் விளக்கமளித்து அவனை மீட்டெடுத்தது. அதன்பின் அவன் நிழல் படை என்னும் இரகசிய உளவு அமைப்பில் சேர்கிறான். எஃகு விரல்களுக்குள் ஆயுதங்களும் பொருத்தப்படுகின்றன.

மறையும் முறை

கிராண்டேலின் ஆற்றல் இலவசமாகக் கிடைப்பதன்று. ஒவ்வொரு முறையும் அவன் மின்கம்பியையோ மின்செருகியையோ தொட்டு அதிர்ச்சியைத் தாங்க வேண்டும். சிறிது நேரத்தில் அதன் விளைவு தீர்ந்து உடல் மீண்டும் தோன்றிவிடும். ஆபத்தான இடத்தில் மின்சாரம் கிடைக்குமா, நேரம் போதுமா என்ற கேள்விகளே கதையின் பதற்றத்தை உண்டாக்குகின்றன. எச். ஜி. வெல்சின் 1897 ஆம் ஆண்டுப் புதினத்தில் மறையும் மனிதன் ஆடையின்றி அலைய வேண்டியிருந்தது. கிராண்டேலுக்கு அத்தொல்லை இல்லை. ஆடையும் சேர்ந்தே மறைகிறது. சட்டைப் பொத்தான் மறையும்போது இரும்புக் கை மட்டும் ஏன் மறைவதில்லை என்று கேட்டால் கதை நின்றுவிடும்.

தமிழ்ப் பெயர்

ஆங்கிலப் பெயருக்கு எஃகு உகிர் என்று பொருள். அது கருவியை மட்டும் குறிக்கிறது. தமிழ்ப் பெயர் ஆளைக் குறிக்கிறது. மாயாவி என்பது இராமாயணத்தில் வாலியுடன் போரிட்ட அசுரனின் பெயர். மாயம் செய்பவன் என்ற பொதுப்பொருளும் உண்டு. அம்புலிமாமா கதைகளிலும் "பாதாள பைரவி" (1951), "மாயா பஜார்" (1957) போன்ற திரைப்படங்களிலும் மாயவித்தைகளைக் கண்டிருந்த வாசகர்களுக்கு, ஆய்வுக்கூடத்தில் பிறந்த இந்த நாயகன் இச்சொல்லால் உடனே உறவினன் ஆனான். மந்திரக்கோலின் இடத்தில் மின்கம்பி வந்தது. லூயிஸ் கிராண்டேல் என்ற இயற்பெயரை மாற்றாமல் விட்டதும் குறிப்பிடத்தக்கது.

ஓவியம்

பிளாஸ்கோவின் கோடுகள் புகைப்படத்தை ஒத்த நுட்பமும் அடர்ந்த நிழல்களும் கொண்டவை. காணாத ஒருவனை வரைவது எளிதன்று. கதவுப் பிடியைத் திருகும் கை, சுற்றி நிற்போரின் அச்சம் நிறைந்த முகங்கள் ஆகியவற்றைக் கொண்டே, வெற்றிடத்தில் ஓர் ஆள் நிற்பதை அவர் உணர்த்துகிறார்.

பின்னர்

மாயாவி கதைகள் தொடர்ந்து வெளிவந்தன. "உறைபனி மர்மம்", "நாச அலைகள்", "பாம்புத் தீவு" ஆகியவை அவற்றுட் சில. மாயாவி, லாரன்ஸ்–டேவிட் இணை, ஜானி நீரோ ஆகியோரை வாசகர்கள் மும்மூர்த்திகள் என அழைப்பர். சௌந்தரபாண்டியனின் மகன் எஸ். விஜயன் 1984 இல் லயன் காமிக்ஸைத் தொடங்கினார். முதல் இதழ் உள்ளிட்ட மாயாவி கதைகள் தமிழில் மறுபதிப்புக் கண்டுள்ளன. இங்கிலாந்தில் மூலத்தின் தொடக்கக் கதைகளை ரெபெல்லியன் நிறுவனம் 2021 இல் நூலாகத் தொகுத்து வெளியிட்டது.