அணுவைத் திறந்து பார்த்தவர்கள்



“ஏன் சார், அணுவைப் பிளக்கவே முடியாதுன்னு ஒரு புத்தகத்துல போட்டிருக்கு. அதுக்குள்ள எலக்ட்ரான், புரோட்டான் இருக்குன்னு இன்னொரு புத்தகத்துல போட்டிருக்கு. எதைப் படிக்கிறது?” என்று ஒரு மாணவன் கேட்டான். வகுப்பே சிரித்தது. ஆனால், சிரிக்க வேண்டிய கேள்வியா அது? அதற்கு விடை காண உலகத்துக்கு நூறாண்டுகளுக்கு மேல் பிடித்தது. அந்தக் கதையை இங்கே பார்ப்போமா?

முதலில் சில சொற்கள். தங்கம், இரும்பு, ஆக்சிஜன் போல ஒரே வகை அணுக்களால் ஆனது தனிமம். மூலகம் என்றும் சொல்வார்கள். அணுக்கள் ஒன்றோடொன்று இணைந்தால் அது மூலக்கூறு. வெவ்வேறு தனிமங்கள் குறிப்பிட்ட அளவில் சேர்ந்து உண்டாவது சேர்மம். நாம் குடிக்கும் நீர் ஒரு சேர்மம். ஹைட்ரஜன் அணு இரண்டும் ஆக்சிஜன் அணு ஒன்றும் சேர்ந்தால் ஒரு நீர் மூலக்கூறு. இவ்வளவு எளிதாக நாம் சொல்லிவிடுகிறோம்! இதைக் கண்டவர்கள் பட்ட பாடு கொஞ்சமா?

இங்கிலாந்தில் ஜான் டால்டன் என்று ஒருவர். 1766-ஆம் ஆண்டு பிறந்தவர், நெசவாளியின் மகன். பன்னிரண்டு வயதிலேயே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கத் தொடங்கியவர். 1803-ஆம் ஆண்டு மான்செஸ்டர் நகரின் இலக்கிய தத்துவச் சபையில் ஒரு கட்டுரை படித்தார். அது 1805-இல் அச்சில் வந்தபோது, கடைசியில் ஒரு சிறு பட்டியல் இருந்தது. ஹைட்ரஜன் அணுவின் எடையை 1 என்று வைத்துக்கொண்டால் மற்றவற்றின் எடை என்ன என்பதுதான் அந்தப் பட்டியல். ஆக்சிஜனுக்கு அவர் போட்ட எடை 5.5. இன்று நாம் படிப்பதோ 16! ஏன் இந்த வித்தியாசம்? அவருடைய அளவைகள் அவ்வளவு துல்லியமாக இல்லை. அதோடு, நீரில் ஒரு ஹைட்ரஜனுக்கு ஓர் ஆக்சிஜன் என்றே அவர் எண்ணிவிட்டார். கணக்குத் தப்பு, வழி சரி. கண்ணுக்கே தெரியாத ஒன்றை எடை போடலாம் என்று காட்டினாரே, அதுதான் பெரிது. அணுவை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது என்பது அவர் கொள்கை.

1897-இல் கேம்பிரிட்ஜில் ஜே. ஜே. தாம்சன் எலக்ட்ரானைக் கண்டார். ஹைட்ரஜன் அணுவைவிட ஏறக்குறைய 1,800 மடங்கு எடை குறைந்த துகள் அது! அப்படியானால் அணுவுக்குள்ளும் ஏதோ இருக்கிறது என்றுதானே பொருள்? நேர்மின்னேற்றம் அணு முழுவதும் பரவியிருக்க, எலக்ட்ரான்கள் அதில் ஆங்காங்கே பதிந்திருக்கின்றன என்றார் அவர். கேசரியில் முந்திரிப்பழம் கிடக்குமே, அந்த மாதிரி.

தாம்சனிடம் படிக்க 1895-இல் நியூசிலாந்திலிருந்து ஒரு மாணவர் வந்திருந்தார். பெயர் எர்னஸ்ட் ரதர்ஃபோர்டு. அவர் வந்த உபகாரச் சம்பளம் முதலில் அவருக்குக் கிடைக்கவில்லை, இன்னொருவருக்குத்தான் கொடுத்தார்கள். அவர் ஏற்றுக்கொள்ள இயலாமல் போகவே, இரண்டாம் இடத்தில் இருந்த ரதர்ஃபோர்டு கப்பல் ஏறினார். பரிசளிப்பு விழாவில் இரண்டாம் பரிசு வாங்கி முகம் வாடும் தம்பிகளும் தங்கைகளும் இதைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள்!

பின்னாளில் ரதர்ஃபோர்டு மான்செஸ்டரில் பேராசிரியரானார். 1909-இல் கைகர் என்ற உதவியாளரும், இருபதே வயதான மார்ஸ்டன் என்ற மாணவரும் மெல்லிய உலோகத் தகடுகளின்மேல் ஆல்ஃபா துகள்களைப் பாய்ச்சிப் பார்த்தார்கள். ஏறக்குறைய எல்லாத் துகள்களும் ஊடுருவிப் போய்விட்டன. ஆனால் ஏறத்தாழ 8,000-க்கு ஒன்று திரும்பி வந்தது. அடேயப்பா! மெல்லிய காகிதத்தின்மேல் பீரங்கிக் குண்டைச் சுட, அது நம்மீதே திரும்பி வந்தால் எப்படி இருக்கும்? அப்படித் திகைத்துப் போனார் ரதர்ஃபோர்டு.

அணுவின் எடை முழுவதும் நடுவில் ஒரு சிறு புள்ளியில் அடங்கியிருந்தால்தான் இப்படி நடக்கும் என்று அவர் கணக்குப் போட்டார். அந்தப் புள்ளிதான் அணுக்கரு. தங்க அணுவை ஒரு பந்து மைதானம் அளவுக்குப் பெரிதாக்கினால், அதன் கரு ஒரு பச்சைப் பயறு அளவுதான் இருக்கும். தம் ஆசிரியரின் கருத்து தவறு என்று காட்டும் இந்த முடிவை 1911-இல் அவர் எங்கே அறிவித்தார் தெரியுமா? டால்டன் கட்டுரை படித்தாரே, அதே மான்செஸ்டர் சபையில்!

ரதர்ஃபோர்டிடம் மோஸ்லி என்றோர் இளைஞரும் பணியாற்றினார். எக்ஸ் கதிர்களைக் கொண்டு ஒவ்வொரு தனிமத்துக்கும் உரிய வரிசை எண்ணை அவர் 1913, 1914-ஆம் ஆண்டுகளில் கண்டுபிடித்தார். அணுக்கருவின் மின்னேற்றமே அந்த எண். அணு எண் என்று நீங்கள் மனப்பாடம் செய்கிறீர்களே, அதுதான். 43, 61, 75 ஆகிய இடங்கள் காலியாக இருப்பதையும் அவர் காட்டினார். பிற்காலத்தில் அம்மூன்று தனிமங்களும் கிடைத்தன. ஆனால் அதைப் பார்க்க மோஸ்லி இல்லை. முதல் உலகப்போர் மூண்டதும் பட்டாளத்தில் சேர்ந்த அவர், 1915 ஆகஸ்டு 10-ஆம் நாள் கல்லிப்போலிப் போர்க்களத்தில் சுடப்பட்டு மாண்டார். வயது 27. உடன் பணியாற்றிய கைகரோ எதிர்த்தரப்பான ஜெர்மானியப் படையில் இருந்தார். ஒரே ஆய்வுக்கூடத்தில் இருந்தவர்களைப் போர் இரண்டாகப் பிரித்துவிட்டது.

அதே ஆசிரியரின் இன்னொரு மாணவர் சாட்விக். போர் தொடங்கியபோது பெர்லினில் இருந்ததால் சிறைமுகாமில் அடைபட்டார். அங்கும் கிடைத்த பொருள்களைக் கொண்டு ஆய்வு செய்தார். உயிரோடு திரும்பியவர், 1932-இல் நியூட்ரானைக் கண்டார். 1920-இல் ரதர்ஃபோர்டு பெயர் சூட்டிய புரோட்டானும், இந்த நியூட்ரானும் கருவுக்குள், எலக்ட்ரான்கள் வெளியே. நாம் படிக்கும் படம் இப்படித்தான் நிறைவு பெற்றது. மோஸ்லி இருந்திருந்தால் இன்னும் என்னென்ன கண்டிருப்பாரோ!

சரி, அந்த மாணவனுக்கு என்ன பதில்? “இரண்டையும் படி தம்பி! இரும்பு துருப்பிடித்தாலும், விறகு எரிந்தாலும் அணுக்கரு மாறுவதில்லை. வெளியிலுள்ள எலக்ட்ரான்கள்தான் இடம் மாறுகின்றன, பங்கிடப்படுகின்றன. அந்த மட்டில் டால்டன் சொன்னது இன்றைக்கும் சரி. கருவைத் தொடும்போதுதான் அடுத்த புத்தகம் வேண்டும்.”

மாணவச் செல்வங்களே! புத்தகத்தில் ஒரே வரியில் இருக்கும் செய்திக்குப் பின்னால் பலருடைய வாழ்நாள் இருக்கிறது. ஆசிரியரை மதித்தார்கள், ஆனாலும் அவர் சொன்னதைச் சோதித்துப் பார்த்தார்கள். நீங்களும் கேளுங்கள். யாராவது சிரித்தால் சிரிக்கட்டுமே!