நீர்நாய்ப் பலகை



அமெரிக்காவின் விஸ்கான்சினிலிருந்து நம் பழைய மாணவர் ஒருவர் படம் அனுப்பியிருந்தார். மஸ்கி மீன் பிடிக்கும் படகு. அதிலிருந்து வெகுதூரம் தள்ளி, தூண்டில் கயிற்றோடு ஒரு சிறு பலகை மிதந்து வருகிறது. "இது எதுக்கு சார்?"

வகுப்பில் பட்டத்தை வைத்து விளக்கினேனே, அதே கணக்குதான் தம்பி. சாய்வாக இழுபடும் பலகையைத் தண்ணீர் பக்கவாட்டில் தள்ளும். படகுக்கு மிரளும் மீனிடம் உயிருள்ள இரை போய்ச் சேரும்.

இதன் முன்னோடி பிரிட்டனில் இருந்தது. பெயர் 'ஆட்டர்', அதாவது நீர்நாய். கரையில் நடந்தபடி பலகையை இழுத்தால் ஏரிக்குள் வரிசையாகக் கொக்கிகள் போகும். திருட்டுத்தனமாக மீன் பிடிப்பவர்களுக்கு ரொம்பப் பிடித்த கருவி! சட்டம் போட்டுத் தடுத்தார்கள். நம் விசைப்படகுகளில் இழுவலையின் வாயை விரிக்கும் பலகைகளும் இதே குடும்பம்தான்.

மஸ்கி 1955 முதல் விஸ்கான்சினின் மாநில மீன். பெரிய இரைமீனை ஒற்றைக் கொக்கியில் மாட்டி, மஸ்கி விழுங்கும்வரை காத்திருப்பது அங்கே பழைய வழக்கம். கொக்கி வயிற்றில் சிக்கிக்கொள்ளும். பிறகு, பிடித்ததைத் திரும்ப விடும் பழக்கம் வந்தது. நீந்திப் போகிறதே என்று எல்லோருக்கும் திருப்தி. ஆய்வாளர்கள் தொடர்ந்து கவனித்தார்கள்: அப்படி விடப்பட்டவற்றில் பெரும்பாலானவை ஓராண்டுக்குள் செத்துப்போயின. இப்போது பெரிய இரைமீன் வைத்தால், வாயிலேயே மாட்டும் கொக்கிதான் விதி.

பலகை விவரத்தை எழுதிவிட்டு, "நீ போட்டது எந்தக் கொக்கி?" என்று கேட்டிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.