தள்ளிப்போட்டவர் யார்?

“பிறகு படிக்கலாம், நாளை எழுதலாம்” என்று கல்லூரி மாணவர் பாடத்தைத் தள்ளிப்போடுவதைக் காண்கிறோம். காரணம் கேட்டால் ஆணும் பெண்ணும் ஒன்றையே சொல்கின்றனரா?

1984-இல் சாலமன், ராத்பிளம் என்னும் அமெரிக்க உளவியலார் இருவர் இதனை ஆராய்ந்தனர். மாணவர் கூறிய காரணங்களுள் இரண்டு முன்னின்றன. ஒன்று, வேலையின்மேல் வெறுப்பு; மற்றொன்று, தோற்றுவிடுவோமோ என்னும் அச்சம். அச்சத்தைக் காரணமாகக் காட்டியோருள் பெண்களே மிகுதி.

உடனே பழமை விரும்பிகள், “அச்சம், மடம், நாணம், பயிர்ப்பு பெண்ணின் இயல்பன்றோ!” என்று மகிழக்கூடும். இயல்பா? இல்லை, வரலாறு வளர்த்த அச்சம் அது! நம் திருச்சியே அதற்குச் சான்று.

ஆண்களுக்கான தூய வளனார் கல்லூரி 1883-இல் நாகையிலிருந்து திருச்சிக்கு வந்தது. பெண்களுக்கென ஹோலி கிராஸ் கல்லூரி தோன்றிய ஆண்டோ 1923. இடையே 40 ஆண்டுகள்! அண்டையிலுள்ள புதுக்கோட்டையில், 1904-இல் முத்துலட்சுமி என்னும் பெண் மன்னர் கல்லூரியில் சேர விழைந்தபோது எதிர்ப்பு எழுந்தது. மன்னர் இசைந்த பின்னரே கதவு திறந்தது. அவரே 1912-இல் மருத்துவப் பட்டம் பெற்று நாடு போற்ற உயர்ந்தார்.

1928-இல் பொன்மலையில் ரயில்வே பணிமனை இயங்கத் தொடங்கியது. மறு ஆண்டு வந்த சாரதா சட்டம் பெண்ணின் மணவயதை 14 என்றது. கல்லூரியை எட்டுமுன் மணமேடையை எட்டலாம்! அதே 1929-இல் செங்கற்பட்டு சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை கேட்டது. தமிழ்நாட்டில் அது சட்டமானது 1989-இல். 60 ஆண்டுகள் தள்ளிப்போட்டது மாணவியா, சமுதாயமா?

இன்றும் மகன் தேர்வில் தோற்றால், “அடுத்த முறை எழுது” என்கிறோம். மகள் தோற்றால், “படித்தது போதும், மாப்பிள்ளை பார்க்கலாம்” என்போர் நம்மிடையே இல்லையா? ஒரு தோல்வியில் படிப்பே பறிபோகும் என்றால் அஞ்சாமல் என்ன செய்வாள்? அடுக்களை வேலையை முடித்து இரவு பத்து மணிக்கு ஏட்டைத் திறப்பவளைச் சோம்பேறி என்பது அறிவுடைமையா?

இளைஞர்களே! மேடையில் பெண் விடுதலை முழங்கும் நாம், வீட்டில் தங்கையின் வேலையில் பாதியை ஏற்போம். தோற்றாலும் மீண்டும் எழுதும் உரிமை அவளுக்கும் உண்டென்று பெற்றோரிடம் வாதாடுவோம். இதனையும் நாளைக்கென்று தள்ளிப்போட வேண்டா.