சுவரைச் சோதிக்கும் கதிர்

ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரத்து மரவீடுகளில் வராந்தாக் கிராதிகளுக்குக் காரீயம் கலந்த வெள்ளை வர்ணம் பூசுவது அக்காலத்தில் வழக்கமாக இருந்தது. வெயிலில் அது பொடியாகி, கிராதியைப் பிடித்து விளையாடும் குழந்தைகளின் விரல்களில் ஒட்டும். விரல்கள் வாய்க்குச் செல்லும். குழந்தைகள் சிலருக்குப் பார்வை மங்கியது, கைகால் தளர்ந்தது. இந்த வர்ணமே காரணம் என்று 1904-இல் எடுத்துரைத்தவர் கண் மருத்துவர் லாக்ஹார்ட் கிப்சன். சட்டத் தடை வந்ததோ 1922-இல்தான்.

அக்காலத்தில் நஞ்சைக் காட்டிய கருவி எது? நோயுற்ற குழந்தைதான்!

இந்நிலையை மாற்ற இயற்பியல் வழி தந்தது. ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய எக்ஸ் கதிர்களை வெளியிடும் என்பதை 1913-இல் இங்கிலாந்தில் மோஸ்லி ஆராய்ந்து காட்டினார். கோபால்ட்-57 தரும் காமாக் கதிரைச் சுவரில் பாய்ச்சினால், காரீய அணுவின் உட்கூட்டிலிருந்து ஓர் எலெக்ட்ரான் வெளியேறும். அவ்விடத்தை வெளிக்கூட்டு எலெக்ட்ரான் நிரப்பும்போது, சுமார் 75 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள எக்ஸ் கதிர் பிறக்கும். மேலே புது வர்ணம் பல முறை பூசியிருந்தாலும் அது ஊடுருவி வந்துவிடும். சுவரைச் சுரண்ட வேண்டியதில்லை.

1970-களில் இத்தகைய கருவிகள் அமெரிக்க வீடுகளுக்குள் நுழைந்தன. சதுர சென்டிமீட்டருக்கு 1 மில்லிகிராம் காரீயம் இருந்தாலே அங்கு அது காரீய வர்ணமாகக் கொள்ளப்படுகிறது. 1978-இல் வீடுகளுக்கு அவ்வர்ணம் தடைசெய்யப்பட்டது. ஆனால் முன்பு பூசியது சுவரிலேயே இருக்கிறதல்லவா? அதனால்தான் முதலில் சோதிக்க வேண்டியது சுவரை, குழந்தையை அல்ல.