ஊசியும் கனுலாவும் மானிப்பாய் வைத்தியரும்

அண்மையில் ரொறன்ரோவிலிருந்து பெறாமகள் தொலைபேசியில் அழைத்தாள். "பெரியப்பா, கன்னம் ஒட்டிப்போச்சு. ஃபில்லர் போடப்போறன். ஊசியால போடுறதோ, கனுலாவால போடுறதோ நல்லம்?" பத்திரிகைக்காரனுக்கு எல்லாம் தெரியும் என்பது எங்கள் குடும்பத்து மூடநம்பிக்கை.

எனக்கோ சாமுவேல் பிஸ்க் கிறீன் நினைவுக்கு வந்தார். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரி வைத்தியர் அவர். மானிப்பாயில் தங்கி, தமிழ் கற்று, தமிழிலேயே மேலைநாட்டு வைத்தியம் போதித்தார். 1867இல் அவரது 'இரண வைத்தியம்' வெளிவந்தது. 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்'. முன்னது அறுவை மருத்துவம், பின்னது உடற்கூற்றியல். கத்தியைப் பற்றிய நூலோடு, கத்தி செல்லும் வழியைப் பற்றிய நூலும் நம் மொழிக்குக் கிடைத்தது.

அக்காலத்திலேதான், 1853இல், எடின்பரோவில் அலெக்சாண்டர் வூட் துளையுள்ள ஊசியால் தோலின்கீழ் மருந்து செலுத்தினார். 1899இல் வியன்னாவில் றொபேட் கெர்சுனி பரபினை உடலுக்குள் செலுத்தினார். அழகுக்காகப் பலர் அதை நாடினர். ஆண்டுகள் கழித்து பரபின் கட்டியாகி, இடம்பெயர்ந்து, முகங்களைச் சிதைத்தது.

இன்று பெரும்பாலும் பயன்படுவது ஹயலூரோனிக் அமிலம். அது தவறுதலாகக் குருதிக் குழாய்க்குள் புகுந்தால் தோல் அழுகலாம். அரிதாகப் பார்வையே பறிபோகலாம். கனுலாவின் முனை மழுங்கியது. குழாயைத் துளைக்காமல் பெரும்பாலும் விலக்கிச் செல்லும். 2021இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஊசியால் ஏற்றிய ஏறத்தாழ 6,400 சிறிஞ்சுகளுக்கு ஒன்று என்ற அளவில் குழாய் அடைப்பு நேர்ந்தது. கனுலாவில் ஏறத்தாழ 40,900க்கு ஒன்று. ஆயினும் மிக மெல்லிய கனுலா ஊசியைப் போலவே குத்திவிடும். 25 கேஜ் அல்லது அதனிலும் தடித்ததே பாதுகாப்பானது. நுண்ணிய மேற்தோல் வேலைக்கு ஊசியும் வேண்டியதே.

எனவே அவளிடம் சொன்னேன்: "பிள்ளை, கருவியை மட்டும் கேளாதே. போடுபவர் வைத்தியரா? முகத்துக் குருதிக் குழாய்களை அறிந்தவரா? அடைப்பு நேர்ந்தால் அந்த அமிலத்தைக் கரைக்கும் ஹயலூரோனிடேஸ் அந்த அறையிலேயே இருக்கிறதா? இவற்றையும் கேள்."

கிறீனின் பெயர் தாங்கிய வைத்தியசாலை மானிப்பாயில் இன்றும் இருக்கிறது. நோயாளிக்கு விளங்கும் மொழியில் வைத்தியம் பேசவேண்டும் என்பதே அவர் நமக்கு விட்டுச்சென்ற முதுசம்.

இரண்டு நாள் கழித்து மீண்டும் அழைத்தாள். "அந்த மருந்து தங்களிட்ட இல்லையெண்டு சொல்லிச்சினம், பெரியப்பா. நான் எழும்பி வந்திட்டன்."