கயிறு இழுத்த இரவு

பள்ளிக்கரணைச் சதுப்பில் தேங்கும் மழைநீர் ஒக்கியம் மடுவு வழியே வெளியேறி, பக்கிங்காம் கால்வாயில் கலந்து, முட்டுக்காட்டுக் கழிமுகத்தில் கடலைச் சேருகிறது. அந்தக் கால்வாயில் ஒரு காலத்தில் இளைஞர்கள் இரவில் படகேறி, நிலவு பார்த்துக்கொண்டே மாமல்லபுரம் போனார்கள் என்றால், இன்று துரைப்பாக்கத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு அதைக் கடக்கிறவர் நம்பமாட்டார். நம்புகிறவரும் அது கையில் காசிருந்தவர்களின் உல்லாசம் என்று ஒதுக்கிவிடுவார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்தக் கரையில் இரவுப் படகுப் பயணம் விளையாட்டாகப் பிறக்கவில்லை. உப்பும் விறகும் ஏற்றிய படகுகளை ஒட்டிப் பிறந்தது. அவை நின்றதும் தானும் நின்றது.

1806இல் பேசில் காக்ரேன் என்ற வணிகர் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே வெட்டிய கால்வாய்தான் தொடக்கம். பிறகு அரசு அதை எடுத்துக்கொண்டு வடக்கும் தெற்குமாக நீட்டியது. 1877–78 தாது வருடப் பஞ்சத்தில், கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் சுமார் 8 கிலோமீட்டரைப் பசித்த மக்கள் கூலிக்கு வெட்டினார்கள்; பெயர் என்னவோ கவர்னர் பக்கிங்காம் பிரபுவுக்குப் போயிற்று. தெற்கே அது மரக்காணம் வரை ஓடியது. சமநிலத்துக் கால்வாய், படகைச் சுமந்து போக நீரோட்டம் கிடையாது. கரையில் ஒருவன் கயிறு கட்டி இழுக்க வேண்டும். ஆக, படகின் வேகம் அவன் நடையின் வேகம். மணிக்கு 4 கிலோமீட்டர் என்று வைத்தாலும், மாமல்லபுரம் வரையுள்ள 50 கிலோமீட்டருக்குப் பன்னிரண்டரை மணி நேரம் ஆகும். மாற்றுவழி, செங்கல்பட்டு வரை ரயிலில் போய், மிச்சத்தை மாட்டுவண்டியில் குலுங்கிக் கடப்பது. இரவைப் படகிலேயே கழிப்பதை யாரும் சாகசமாகத் தேர்ந்தெடுக்கவில்லை. தூரமும் மனிதக் கால்களும் சேர்ந்து போட்ட கணக்கு அது.

1934இல் பாரதிதாசன், ஜீவானந்தம், குத்தூசி குருசாமி, அவர் மனைவி குஞ்சிதம், மயிலை சீனி. வேங்கடசாமி முதலானோர் ஒரு பௌர்ணமியில் இப்படிப் போனார்கள். கவிஞரைத் தவிர இந்த நால்வரும் முப்பத்தைந்தைத் தாண்டாதவர்கள். அந்த நாளில் ஒரு பெண் நண்பர் குழுவோடு இரவில் தோணியேறியதும் சிறிய செய்தியல்ல. அந்தப் பயணத்தின் விளைவு பாரதிதாசனின் ‘மாவலிபுரச் செலவு’ என்ற பாட்டு. ஒரு பாட்டை வைத்து ஒரு வழக்கத்தை நிறுவலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், அதிலும் கவிஞர் கால்வாயைத் தம் புதுச்சேரி வரை நீட்டிவிட்டவர்! ஆனால் பாட்டு தன்னை அறியாமல் சொல்வதைப் பாருங்கள். அங்கே தோணிகள் ஓடுவது வியப்பாக அல்ல, ஊரறிந்த நடப்பாக வருகிறது. ஓடுகிற தோணிகளில் ஒன்றில் இவர்கள் ஏறுகிறார்கள். நிலவு ஏன் சினந்து சிவந்திருக்கிறது என்று திரும்பிப் பார்த்தால், கரையில் ஒருவன் இரு தோளாலும் கயிறு இழுக்கிறான், பின்னால் இன்னொருவன் முதுகு கோணக் கோலூன்றித் தள்ளுகிறான். இந்த ஆட்களும் கயிறும் கோலும் கவிஞர் குழுவுக்காகத் தருவிக்கப்பட்டவை அல்ல; சுமைப்படகின் அன்றாடத் தொழில்முறை. தாமே துடுப்புப் போடாதவர்கள் செய்தது என்ன படகுப் பயணம் என்ற ஏளனத்துக்கும் பாட்டிலேயே பதில் இருக்கிறது: இழுத்தவன் யார் என்பதை அவர்கள் கண்டார்கள், கண்டதும் நிலவின் அழகை அரைவழியில் நிறுத்திவிட்டு அவனைப் பாடினார்கள்.

கால்வாய் ஏன் செத்தது என்றால், பறக்கும் ரயிலின் தூண்கள் என்பது பலரும் தரும் விடை. காலக்கணக்கு அதற்கு இடங்கொடுக்கவில்லை. ரயில் மயிலாப்பூரை எட்டியது 1990களில், வேளச்சேரியை 2007இல். படகுத் தொழில் அதற்கு வெகு முன்பே லாரிகளிடம் சுமையை இழந்திருந்தது; 1960களிலும் 1976இலும் வந்த புயல்கள் கரைகளைச் சிதைத்தபோது, அவற்றைச் சீர்செய்யச் சொல்லிக் கேட்க வியாபாரி எவரும் மிச்சமில்லை. தூண்கள் இறங்கியது வெறும் சாக்கடையாகிவிட்ட இடத்தில். உல்லாசம் மட்டுமே அந்தக் கால்வாயைத் தாங்கியிருந்தால், நிலவு பார்க்கப் போகிறவர்களாவது கூச்சல் போட்டிருப்பார்கள். உல்லாசத்துக்கென்றே 1984இல் முட்டுக்காட்டில் சுற்றுலா வளர்ச்சிக் கழகம் படகுக் குழாம் திறந்தது. கட்டணம் கட்டி ஏறினால், கழியில் ஒரு சுற்றுச் சுற்றி, ஏறிய துறையிலேயே கொண்டுவந்து இறக்கிவிடுகிறார்கள்.